போடாத பாத்தி சொல்லும் நியாயம்



கேப்பையில் நெய் வடியுதுன்னு சொன்னா, கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்கிறவன் ஊர் பேர் தெரியாத ஆளாக இருந்தால் நாம் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் சொல்பவர் உலகமே மதிக்கும் விஞ்ஞானியாக இருந்தால்? அச்சடித்த புத்தகமும் அவர் கையில் இருந்தால்? அப்போது என்ன செய்வது? இந்தக் கேள்விக்குச் சுமார் 180 வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு கோதுமை வயல் பதில் சொன்னது. அந்தச் சரித்திரத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஜெர்மனியில் கீசன் என்ற ஊரில் லீபிக் என்று ஒரு ரசாயனப் பேராசிரியர் இருந்தார். 1840இல் விவசாய ரசாயனம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது பல நாடுகளிலும் பேசப்பட்டது. பயிரை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் என்னென்ன தாது உப்பு இருக்கிறதோ, அதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும். தழைச்சத்தைக் காற்றும் மழையும் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த சில வருஷங்களில் அவர் உறுதியாகப் பேசிய கட்சி. இதில் பாதி சரி. பயிருக்குத் தாது உப்பு வேண்டும் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்ன பெருமை அவருக்கு உண்டு. மறுபாதிதான் வம்பில் கொண்டுபோய் விட்டது.

1845இல் அவர் பெயரால் ஒரு உரம் கடைக்கு வந்தது. லிவர்பூல் நகரில் தயாரானது. மழையில் கரைந்து ஓடிவிடக் கூடாதே என்று, எளிதில் கரையாதபடி உருக்கிச் செய்திருந்தார்கள். பெரியவர் சொல்கிறாரே என்று விவசாயிகள் காசு கொடுத்து வாங்கிப் போட்டார்கள். பயிர் அசையவில்லை. கரையாத சத்தை வேர் எப்படிங்க உறிஞ்சும்? கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தது. வயலில் சரியாக இல்லை.

அதே காலத்தில் லண்டனுக்கு வடக்கே ரோத்தம்ஸ்டெட் என்ற பண்ணையில் ஜான் லாஸ் என்ற நிலக்காரர் இருந்தார். எலும்பையும் பாஸ்பேட் பாறையையும் கந்தக அமிலத்தில் கரைத்து சூப்பர் பாஸ்பேட் செய்ய 1842இல் காப்புரிமை பெற்றவர். அவரோடு 1843இல் வந்து சேர்ந்தவர் கில்பர்ட் என்ற ரசாயன நிபுணர். இவர் யார் தெரியுமா? லீபிக்கிடமே படித்த மாணவர்!

இருவரும் பிராட்பாக் என்ற வயலைப் பாத்திகளாகப் பிரித்துக் கோதுமை விதைத்தார்கள். ஒரு பாத்திக்கு ஏக்கருக்கு 14 டன் கணக்கில் தொழு உரம். இன்னொரு பாத்திக்கு, அதே 14 டன் தொழு உரத்தை எரித்து, அந்தச் சாம்பல் மட்டும். மற்றொரு பாத்திக்கு ஒன்றுமே போடவில்லை. யோசித்துப் பாருங்கள். லீபிக் சொன்னது சரியானால், எருவும் அதன் சாம்பலும் ஒரே மாதிரி விளைய வேண்டும், இல்லையா?

1844இல் அறுத்து அளந்தார்கள். தொழு உரம் போட்ட பாத்தி ஏக்கருக்கு 22 புஷல். சாம்பல் போட்ட பாத்தி 16 புஷல். ஒன்றுமே போடாத பாத்தி, அதுவும் 16 புஷல்! ஒரு புஷல் கோதுமை என்றால் சுமார் 27 கிலோ. தாது உப்போடு அமோனிய உப்பும் சேர்த்த பாத்தியோ 21 புஷலைத் தாண்டியது. எருவை எரிக்கும்போது தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. சாம்பல் சத்தும் மணிச்சத்தும்தான் மிஞ்சுகின்றன. அந்த மண்ணுக்குக் குறையாக இருந்தது போன சத்துதான்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். ஒன்றும் போடாத அந்தப் பாத்தி இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? "சாம்பல் போட்டேன், 16 புஷல் கண்டேன்" என்று ஒருவர் சத்தியம் செய்திருப்பார். அவர் சொல்வது பொய்யும் அல்ல. ஆனால் அந்த 16 புஷலும் மண்ணே கொடுத்தது. சாம்பலுக்கு அதில் பங்கில்லை. இதைக் காட்டிக் கொடுத்தது போடாத பாத்திதான்.

லாஸும் உர வியாபாரிதானே, அவரை மட்டும் எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவரை நம்ப வேண்டாம். அவர் வயலைப் பார்த்தால் போதும். விளைச்சல் கணக்கை அச்சில் வெளியிட்டார்கள். தானியம், வைக்கோல், மண் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அப்படிச் சேர்ந்த மாதிரிகள் இன்று மூன்று லட்சத்துக்கும் மேல். ஆராய்ச்சியாளர்கள் திரும்ப எடுத்துச் சோதிக்கலாம். லீபிக்கும் லேசில் விட்டுக் கொடுக்கவில்லை. வருஷக் கணக்கில் வாதாடினார். உரத்தைக் கரையாதபடி செய்தது தவறு என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

கதை அதோடு முடியவில்லை. 1919இல் ரொனால்டு ஃபிஷர் என்ற கணித நிபுணர் ரோத்தம்ஸ்டெட்டில் சேர்ந்தார். ஒரே வயலில் ஒரு ஓரம் இயல்பாகவே வளமாக இருக்கும்; ஒரு பாத்தியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், உரத்தின் பலனா, மண்ணின் பலனா என்று தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொரு முறையையும் பல இடங்களில் போட வேண்டும், எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்று அவர் வகுத்தார். சோதனையையே சோதித்தார் என்று சொல்லலாம். மடை ஓரத்துப் பயிர் எப்போதும் செழிப்பாக நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா?

எருவும் சாம்பலும் என்றதும் நம் நாட்டுச் சங்கதி ஒன்றும் சொல்லணும். இந்திய விவசாயிக்கு ஒன்றும் தெரியாது, சீமைக் கலப்பை வந்தால் எல்லாம் சரியாகும் என்று வெள்ளைக்கார ஆட்சியில் பலர் பேசி வந்தார்கள். 1889இல் வோல்க்கர் என்ற ஆங்கில ரசாயன நிபுணரை இங்கே அனுப்பினார்கள். அவர் நாடு முழுவதும் சுற்றிக் கண்ணால் பார்த்தார். 1893இல் வந்த அறிக்கையில் என்ன எழுதினார்? இந்தியக் குடியானவன் சராசரி ஆங்கில விவசாயிக்கு இளைத்தவன் அல்ல, சில விஷயங்களில் மேலானவன் என்று எழுதினார். சாணத்தை வறட்டி தட்டி எரிப்பது அறியாமையால் அல்ல, விறகு இல்லாத குறையால். ஆகவே விறகுக்கு மரம் வளர்க்க வழி செய்யுங்கள் என்றார். வாய்ப்பேச்சை நம்பியிருந்தால் கலப்பையைத்தான் கப்பலில் ஏற்றியிருப்பார்கள்!

கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியிலும் 1909இல் இதே வழியில் நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கியது. அங்கேயும் ஒன்றும் போடாத பாத்தி உண்டு.

சரி, நாம் என்ன செய்யலாம்? இந்தப் பாட்டிலைத் தெளித்தால் ஏக்கருக்கு நாலு மூட்டை கூடும் என்று யாராவது வந்தால், ஒரே கேள்வி கேளுங்கள்: "தெளிக்காத பாத்தி எங்கேங்க? அதில் எவ்வளவு கண்டது?" பதில் இல்லையென்றால், வாங்கியே தீரவேண்டும் என்று அவசரம் இல்லை. உர மூட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து எத்தனை சதவீதம் என்று 1985ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அச்சிட்டிருக்க வேண்டும். அதைப் படியுங்கள், படிக்கச் சொல்லியாவது கேளுங்கள். ரசீது வாங்கி வையுங்கள்.

வாங்கினாலும் வயல் முழுக்கப் போடாதீர்கள். மடை ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று இடத்தில் இரண்டிரண்டு சென்ட் விட்டு வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே, போட்ட இடத்தில் அதே அளவு பாத்தி ஒன்று அடையாளம் வையுங்கள். விதை, நடவு நாள், தண்ணீர், களையெடுப்பு எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். அறுக்கும்போது தனித்தனியாக அடித்து எடை போடுங்கள். கண் மதிப்பு வேண்டாம். காசு கொடுத்த கை, கண்ணையும் ஏமாற்றிவிடும். கூடுதலாக வந்த நெல்லின் விலை ஒரு பக்கம், மருந்துச் செலவும் தெளித்த கூலியும் மறுபக்கம் என்று நோட்டில் எழுதுங்கள்.

ஆறு சென்ட் விட்டதில் நஷ்டம் வந்தாலும் ஒரு மூட்டையைத் தாண்டாது. வருஷா வருஷம் வீணாகப் போகும் பணத்தை அது காப்பாற்றிக் கொடுக்கும். வருகிற நடவிலேயே செய்து பாருங்கள்.