சிக்கன விளக்கும் மூன்று கல்லடுப்பும்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுதியோர் அரசர்களையும் கோயில்களையும், அண்மைக் காலத்திற் போர்களையும் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். ஒரு போத்தல் மண்ணெண்ணெயை ஒரு குடும்பம் எத்தனை இரவுகளுக்குப் பங்கிட்டது என்ற வினாவுக்கு அவ்வேடுகளில் இடம் அரிது. வீட்டு எரிபொருட் செலவைக் குறைப்பது எவ்வாறென்று உலகமெங்கும் பேசப்படும் இந்நாளில், அவ்வினாவையே நாம் முதலில் எழுப்ப விரும்புகிறோம்.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, மெழுகுதிரி முதலியன அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் ஏறின. மண்ணெண்ணெயின் விலையோ ஏழையின் கைக்கெட்டாத உயரத்திற்குச் சென்றது. அந்த இருளிலே பரவியதுதான் ஜாம் போத்தல் விளக்கு. மக்கள் அதற்கிட்ட பெயர் சிக்கன விளக்கு.

அதன் அமைப்பை இன்றைய மாணவர் அறிதல் நன்று. விளக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது திரியின் பருமனே. அரிக்கன் லாம்பின் அகன்ற நாடாத்திரி தாராளமாக உறிஞ்சும். அந்தத் தாராளம் அன்று கட்டுப்படியாகவில்லை. ஆகவே ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, அது நனையுமளவே மண்ணெண்ணெய் வார்த்து, மெல்லிய திரியொன்றைக் கம்பியால் நடுவே நிறுத்தினர். போத்தல் சரிந்தாலும் பஞ்சிலே தோய்ந்த எண்ணெய் சிந்தாது. கண்ணாடி காற்றைத் தடுக்கும். சுடர் சிறிதுதான். ஆனாலும் விரித்த புத்தகத்தின் ஒரு பக்கத்திற்கு அது போதுமாயிருந்தது. அதைச் சூழ்ந்திருந்து படித்தே ஒரு தலைமுறை பரீட்சைக்குத் தோற்றியது. சைக்கிளை நிறுத்தி வைத்து மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதும் அக்காலத்திலேதான்.

இதனைத் தமிழரின் மதிநுட்பம் என மேடைகளிற் புகழ்வோர் உளர். புகழ்ச்சியில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பட்டினியை விரதமென்று பெயரிட்டழைக்கும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. மக்களின் அன்றாட வாழ்வையே போர்க்கருவியாக்கிய ஓர் ஆட்சி திணித்த சிக்கனம் அது. அந்தச் சிக்கனத்திலும் சமத்துவம் இருக்கவில்லை. கையிற் பணமிருந்தவர் வீட்டில் லாம்பு தொடர்ந்து எரிந்தது.

விளக்குக்காவது ஒரு பெயர் கிடைத்தது. அடுப்புக்கு அதுவும் கிடைக்கவில்லை. காவோலை, கங்குமட்டை, ஊமல், சிரட்டை எனக் கிடைத்தவற்றைப் பொறுக்கி உலையேற்றியவர்கள் பெண்கள். எது சடுதியிற் பற்றும், எது நின்று எரியும், தீயை எப்போது இழுத்துவிட்டுத் தணலிலே சோற்றை இறக்கலாம் என்ற கணக்கெல்லாம் அவர்கள் கையிலே இருந்தது. மூன்று கல்லடுப்பிலே வெப்பத்தின் பெரும்பகுதி பாத்திரத்தைச் சேராமல் நாற்புறமும் சிதறிப்போகும். புகையோ கண்ணையும் நெஞ்சையும் தாக்கும். 1980களில் இலங்கையிற் பரப்பப்பட்ட அனகி என்னும் களிமண் அடுப்பு, தீயைச் சுவருக்குள் அடக்கி, ஒரே நெருப்பில் இரு பாத்திரங்களைச் சூடேற்றிற்று. ஒன்றிலே சோறும் மற்றதிலே கறியும் வேகும். பொறியியல் என்று பார்த்தால் மிக எளியது. ஆனாற் சமையலறையின் புகையை ஒரு சமூகப் பிரச்சினையாகக் கருத நம் கற்றோருக்கு எத்தனை காலம் பிடித்தது! இன்றும் பலர் கருதுவதாயில்லை.

வீட்டமைப்பும் இக்கதையிற் சேர்ந்ததே. பனையோலைக் கூரை வெயிலைத் தடுத்தது. நாற்சார் வீட்டின் முற்றம் பகலொளியையும் காற்றையும் உள்ளே கொணர்ந்தது. இப்போது சூடேறும் கொங்கிறீற்றுத் தட்டின்கீழே படுத்துக்கொண்டு விசிறிக்குக் கட்டணம் செலுத்துகிறோம். (நாற்சார் வீடும் எல்லோருக்கும் வாய்த்ததன்று, குடிசையிலே வாழ்ந்தவரே மிகப்பலர்.)

2022இலே பொருளாதாரம் சரிந்தபோது எரிவாயுவுக்கு நீண்ட வரிசைகள் நின்றன. ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏற்றப்பட்டது. அதே மாதம் மின்கட்டணமும் சராசரி 75 வீதம் உயர்ந்தது. வளவிலே பனையும் தென்னையும் உள்ளவர் மீண்டும் விறகடுப்பை மூட்டினர். முதலுள்ளவர் கூரையிலே சூரியத் தகடுகளைப் பொருத்தலாம்; பொருத்தியபின் அவர்தம் கட்டணம் குறையும். வருமானத்திற் பெரும்பங்கை எரிபொருளுக்கே கொடுக்கும் கூலித் தொழிலாளிக்கு வளவும் இல்லை, முதலும் இல்லை. அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கூரையோ இன்னொருவருடையது.