ஓதம் தடுத்த குளம்

சிந்து நதிக்கரை மொகஞ்சதாரோவிலே சுமார் 4,500 ஆண்டுக்கு முந்தைய குளம் ஒன்று 1925-26இல் தோண்டி எடுக்கப்பட்டது. ஆழம் எட்டடி. நீர் கசியாமலிருக்க, சுட்ட செங்கலை நெருக்கி அடுக்கி ஜிப்சம் சாந்து வைத்தார்கள். நாம கடலைக்குப் போடுகிறோமே, அதே ஜிப்சம்தான்! சுவருக்குப் பின்னால் நிலக்கீல் பூச்சு. நீரை வெளியேற்ற வடிகாலும் உண்டு.

அந்த ஊருக்கே பிறகு கீழிருந்து ஆபத்து வந்தது. 1932இல் சுக்கூர் அணை திறந்தபின் பாசனம் பெருகி நிலத்தடி நீர் உயர்ந்தது. ஓதம் ஏறி, உப்புப் பூத்து, செங்கல் பொடிந்தது. 1974இல் யுனெஸ்கோ மீட்புப்பணி தொடங்கியது. ஆழ்குழாய்க் கிணறு போட்டு நீரை இறைத்தார்கள்.

நிலவறையோ தானியக் குழியோ, பூச்சு மட்டும் போதாதுங்க. முதலில் வடிகாலைப் பாருங்கள்.