காது கேளாத வெள்ளையன்: வேட்டை நாய்களும் 'சுத்த சாதி' என்ற கதையும்

போன வருசம் வேலணையில எங்கட கூட்டைச் சேர்ந்த நாலு பேர் காசு சேர்த்து ஒரு இராஜபாளையம் குட்டி வாங்கினோம். பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நீட்டுக் கால். "சுத்த சாதி. வளர்த்து ஷோவுக்குக் கொண்டுபோங்கோ, பிறகு குட்டி வித்தே காசு பாக்கலாம்" என்றார் விற்றவர். நாங்களும் நம்பினோம்.

கோயில் திருவிழாவில் வெடி கொளுத்திய இரவு ஒழுங்கையில் நின்ற நாய்கள் எல்லாம் கட்டிலுக்குக் கீழ ஓடி ஒளிச்சுதுகள். எங்கட வெள்ளையன் மட்டும் திண்ணையில் நல்ல நித்திரை. "வேட்டை நாயெண்டா இப்படித்தான், பயமே இல்லை" என்று பெருமைப்பட்டோம். மூன்று நாள் கழித்து, படுத்திருந்த அவனின் தலைக்குப் பின்னால் ஒரு சட்டியைத் தட்டிப் பார்த்தோம். காது அசையவேயில்லை. அவனுக்குத் துணிவும் இல்லை, பயமும் இல்லை. அவனுக்குக் காது கேட்காது.

'சுத்தம்' என்று நாங்கள் காசு குடுத்து வாங்கினது என்ன? அதைத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

வேலைதான் இனத்தை உண்டாக்கியது

தமிழர் வாழ்வில் வேட்டை நாய் புதிசில்லை. சங்க இலக்கியத்தில் நாய்க்கு 'ஞமலி' என்று ஒரு பெயர் உண்டு. குறிஞ்சி நிலத்து வேட்டுவரோடு அது கூடவே வரும். செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று கிடைத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்திலேயே பொறித்திருக்கிறார்கள். நாய் செய்த வேலைக்குத்தான் அந்தக் கல். அதன் நிறத்தைப் பற்றியோ தாய் தகப்பனைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

தமிழ்நாட்டின் தெற்கில் இன்றும் பெயர் சொல்லப்படும் நாய்களும் இப்படி வேலையால் உருவானவைதான். சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடம்பு, ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு கொண்டவை. மோப்பத்தை விடக் கண்ணை நம்பி ஓடுபவை. முயல் துரத்துவதற்கு வெட்டவெளிக் கரிசல் காட்டில் அந்த உடம்புதான் வேணும். தேனிப் பக்கத்துக் கோம்பை கட்டுமஸ்தானது. செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகம். காட்டுப்பன்றிக்கும் காவலுக்கும் உதவியது. இராஜபாளையமும் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. முயலைத் தவறவிட்ட நாயின் குட்டியை ஆரும் கேட்டு வாங்கமாட்டினம். அந்தக் காலத்துத் தேர்வு அவ்வளவுதான்.

பிறகு அந்த வேலை போனது. 1801இல் பாளையக்காரர் போர் தோல்வியில் முடிந்தது. அதற்குப் பின் ஜமீன்களும் தேய்ந்தன, துவக்கு வந்தது. 1972இல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை படிப்படியாகக் குற்றமானது. அந்தச் சட்டம் தேவையானது என்பதுதான் எங்கட கருத்தும். ஆனால் வேட்டை இல்லாத வேட்டை நாயை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

வளையத்துக்குள் வந்த நாய்

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து ஏற்கனவே ஒரு பதில் வைத்திருந்தது. 1859 யூன் மாதம் நியூகாசில் நகரில் நடந்ததைத்தான் முதல் நவீன நாய்க் கண்காட்சி என்கிறார்கள். அதில் பொயின்ரர், செட்டர் என்ற இரண்டு வகைத் துப்பாக்கி வேட்டை நாய்கள் மட்டுமே பங்குபற்றின. பரிசும் துப்பாக்கிதான். இதில் ஒரு பகிடி இருக்கு: செட்டர் பிரிவின் நடுவர்களில் ஒருவரின் நாய் பொயின்ரர் பிரிவில் வென்றது, பொயின்ரர் நடுவர் ஒருவரின் நாய் செட்டர் பிரிவில் வென்றது! இந்தக் குழப்பங்களை ஒழுங்குபடுத்த 1873இல் இலண்டனில் கெனல் கிளப் உருவானது. புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சி 1891இல் தொடங்கியது. பிரித்தானியர் ஆண்ட இடங்களுக்கெல்லாம் இந்த வழக்கம் போனது. கொழும்புக்கும் வந்தது, சென்னைக்கும் வந்தது.

கண்காட்சி வளையத்தில் என்ன நடக்கிறது என்று நாங்கள் காணொளிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அழகுராணிப் போட்டி மாதிரி என்றுதான் முதலில் நினைத்தோம். அது பிழை. நாயை நாயோடு ஒப்பிடுவதில்லை என்பதுதான் விதி. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதிவைத்த ஒரு தரவிவரம் உண்டு: உயரம், தலையின் வடிவம், பல்லின் பொருத்தம், வாலின் வளைவு, நடை. அந்த எழுத்துக்கு எந்த நாய் கிட்ட நிற்கிறதோ அதுதான் வெல்லும். அதற்குப் பழக்கவேண்டியதும் அதிகம். நாலு காலும் சரியாக ஊன்றி அசையாமல் நிற்கவேணும். முன்பின் தெரியாத நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கும்போது உறுமக்கூடாது. கயிற்றை இழுக்காமல் முக்கோணமாகவும் நேர்கோட்டிலும் ஓடவேணும். வயதுப்படி பிரிவுகள் உண்டு. குட்டியாக இருக்கும்போதே ஆட்கள், சத்தம், வாகனம் எல்லாம் பழக்கினால்தான் இது சரிவரும்.

இதில் நல்லது இல்லையென்று சொல்லமாட்டோம். எழுதிவைத்தபடியால்தான் சில இனங்கள் அழியாமல் நின்றன. 2005இல் இந்திய அஞ்சல் துறை நாலு நாட்டு நாய்களுக்கு முத்திரை வெளியிட்டது. அதில் ஒன்று இராஜபாளையம். 2020 ஓகஸ்ட்டில் இந்தியப் பிரதமர் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாய்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

ஆனால் எழுத்து உடம்பின் வெளியைத்தான் பார்க்கிறது. 2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஒரு ஆவணப்படம், பரிசு வாங்கிய நாய்களின் நோய்களைக் காட்டி இங்கிலாந்தையே உலுக்கியது. அடுத்த வருசம் பிபிசி கிரஃப்ட்ஸை ஒளிபரப்பவில்லை. தாய்க்கும் மகனுக்கும், அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவதை கெனல் கிளப் நிறுத்தியது. நூறு வருசத்துக்கு மேல் 'சுத்தம்' என்று சொன்னதில் பாதி இப்படிக் கிட்டிய உறவுக்குள் கலந்ததுதான்.

வெள்ளையனின் காதுக்கும் விடை இங்கேதான் இருந்தது. நிறம் தரும் கலங்கள் தோலில் மட்டுமல்ல, உட்காதிலும் இருக்கின்றன. முழு வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் சில குட்டிகளுக்கு உட்காதில் அந்தக் கலங்கள் இல்லாமல் போகும். பிறந்து சில கிழமைகளுக்குள் கேட்கும் சக்தி அழிந்துவிடும். டல்மேஷன் நாயிலும் இதே கதைதான். ஆக, 'சுத்தத்தின் அடையாளம்' என்று எங்களுக்குக் காட்டிய அதே வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அவனுடைய காதை எடுத்தது.

'சாதி நாய்' என்று நாங்கள் வாய் கூசாமல் சொல்கிறோம். ஊர் நாயை ஆங்கிலேயர் 'பறையா நாய்' என்று எழுதினார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையே வசைச் சொல்லாக்கி நாய்க்கு ஒட்டினார்கள். சுத்தம், இரத்தம், கலப்பு என்ற சொற்கள் நாயில் தொடங்கி நாயோடு முடிவதில்லை. எங்கட ஊரில் வளர்ந்த ஆருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தீவுகளின் பாடம்

தீவுப்பகுதிக்கு விலங்கு வளர்ப்பும் விலங்கு வணிகமும் பழசு. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஊர்காவற்துறைக்கு வரும் கப்பல் உடைந்தால் என்ன செய்வதென்று அதில் சொல்லியிருக்கு: யானை, குதிரை ஏற்றிய கப்பலென்றால் நாலில் ஒரு பங்குதான் அரசனுக்கு, மற்றப் பண்டங்கள் என்றால் பாதி. யானையும் குதிரையும் கொண்டுவருபவனுக்கு அவ்வளவு சலுகை. பிறகு நெடுந்தீவில் ஐரோப்பியர் குதிரை வளர்த்தார்கள். ஆண்டவர்கள் போனார்கள், குதிரை நின்றது. இன்றைக்கு அவை ஆருடையதும் இல்லாமல் காட்டுக் குதிரைகளாக, வறட்சியில் தண்ணிக்கு அலைந்துகொண்டு திரிகின்றன. தேவைக்காக ஒரு விலங்கை வளர்த்துவிட்டுத் தேவை முடிந்ததும் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று பார்க்க நாங்கள் வெளிநாடு போகத் தேவையில்லை.

விட்டுப்போனதில் எங்களுக்கும் பங்கு உண்டு. 1990இல் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தபோது மாட்டையும் நாயையும் அவிழ்த்துவிட்டுத்தான் ஓடினார்கள். "படகு வெளிக்கிடேக்க கரையில நிண்டு பாத்துக்கொண்டிருந்துது" என்று அம்மம்மா ஒருவர் இன்றைக்கும் தன்ர நாயைச் சொல்லி அழுவா. அந்த நாய்கள் எந்தப் பதிவிலும் இல்லை.

இவ்வளவையும் படித்தபிறகு நாங்கள் சில முடிவுகள் எடுத்தோம். வெள்ளையனை வைத்துக் குட்டி எடுப்பதில்லை. மிருக வைத்தியரிடம் காட்டி அதற்கான சத்திரசிகிச்சை செய்தாயிற்று. இனி ஆராவது குட்டி வாங்கினால் தாயையும் தகப்பனையும் நேரில் பார்ப்பது, எட்டுக் கிழமைக்கு முதல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதது, நித்திரையில் கிடக்கும்போது சத்தம் போட்டுக் காதைச் சோதிப்பது. ஊரில் இருக்கும் நாய்களுக்கு ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம்: எந்த நாய் எதுக்குப் பிறந்தது, தடுப்பூசி எப்போ, என்ன வருத்தம். உயரமும் நிறமும் கடைசிப் பத்தியில்தான்.

கண்காட்சிக்கும் போவோம், முதலில் பார்வையாளராக. நடுவரிடம் ஒரு கேள்வி கேட்கவேணும்: உங்கட தரவிவரத்தில் காதின் வடிவத்தை எழுதியிருக்கிறீர்கள், அந்தக் காது கேட்குமா என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?

வெள்ளையன் இப்போது கைச்சாடைக்குப் பழகிவிட்டான். உள்ளங்கையைக் காட்டினால் இருப்பான், கையைக் கீழே தட்டினால் வருவான். இரவில் கூப்பிடவேண்டுமென்றால் ரோச்சை இரண்டு தரம் அடிப்போம். வளவின் மற்றத் தொங்கலில் இருந்து ஓடிவருவான்.