ஆர்டருக்கு வரைந்தவர்கள்

என் தோழி ஒருத்தி ஃப்ரீலான்ஸ் ஓவியர். என்னோடு இன்ஜினியரிங் படித்தவள். நான்கு வருடம் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் பார்த்துவிட்டு, ஒருநாள் பேப்பர் போட்டுவிட்டு வரையப் போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகை, பாடநூல், ஊறுகாய் பாட்டில் லேபிள், கவிதைத் தொகுப்புக்கு அட்டை, எதைக் கேட்டாலும் வரைவாள். மாத முதல் வாரத்தில் மட்டும் வரைய மாட்டாள். "சார், அந்த இன்வாய்ஸ்..." என்று ஆரம்பிக்கும் மெயில்களை அனுப்பிக்கொண்டிருப்பாள்.

போன டிசம்பரில் அவளுக்கு ஒரு வேலை வந்தது. பழவேற்காடு ஏரியைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு படப் புத்தகம். 16 விரிபக்கங்கள். முன்பணம் 30 சதவீதம், மீதி ஃபைனல் அப்ரூவலுக்குப் பிறகு. பூநாரைகள் நிறைய வேண்டும், படகுகள் வேண்டும், மீனவர்கள் சிரித்த முகமாக இருக்க வேண்டும். 11ஆவது விரிபக்கத்தில் 'டச்சுக்காரர்கள் வந்த கதை'. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நேரில் பார்க்கணும் என்றாள். சனிக்கிழமை எனக்கும் வேறு வேலை இல்லை. சென்ட்ரலில் லோக்கல் ரயில் பிடித்து பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களைத் தேடினால் முதலில் கிடைப்பது அவர்களுடைய கல்லறைதான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடுகாடு. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவலுக்கு நிற்கின்றன. உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பலகைகள், குலச்சின்னங்கள், டச்சு எழுத்துகள். தோழி ஒவ்வொரு கல்லின் முன்னாலும் உட்கார்ந்து ஸ்கெட்ச் போட்டாள். "செத்தவன் பேரு, அவன் அப்பன் பேரு, வேலை, தேதி எல்லாம் இருக்கு. இத செதுக்குனவன் பேரு எங்கயாவது இருக்கா பாரு" என்றாள். இல்லை.

கோட்டை இன்னும் மோசம். ஒரு மேடு, முட்புதர், அவ்வளவுதான். 1610இல் விஜயநகரப் பேரரசின் எஞ்சிய பகுதியை ஆண்ட இரண்டாம் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை போட்டது. 1612இல் போர்ச்சுகீசியர்கள் சாந்தோமிலிருந்து வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். 1613இல் கோட்டை எழுந்தது. தங்கள் நாட்டின் கெல்டர்லாண்ட் மாகாணத்தின் பெயரால் அதற்கு 'கெல்ட்ரியா' என்று பெயர் வைத்தார்கள். 1690இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வியாபாரம் முழுக்க இந்த மேட்டிலிருந்துதான் நடந்தது. 1825இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

மேட்டைப் பார்த்துவிட்டு ஒரு படகில் ஏறினோம். படகுக்கார அண்ணன் தோழியின் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பாப்பா எங்கள வரையுதா?"

"ஆமாண்ணே. சிரிச்ச மாதிரி வரையச் சொல்லியிருக்காங்க."

"எறா இல்லாத மாசத்துல எவன்மா சிரிப்பான்?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தோழி அதை அப்படியே பிடித்துவிட்டாள்.

அவர்தான் 'பாடு' முறையைப் பற்றிச் சொன்னார். ஏரியில் சுத்து வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் மூன்றும் இதில் தலைக்கிராமங்கள். "எங்க தொழில்லயும் ஒரு பாடு இருந்தா நல்லாயிருக்கும். யாருக்கு எப்ப வேலை வரும்னாவது தெரியும்" என்றாள் தோழி.

அவளுடைய தொழிலுக்கு இந்த ஊரில் 400 வருடத்துக்கு முன்பே ஆள் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். திரும்பி வந்து படித்தேன்.

டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டும். ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் விலையாக விரும்பிக் கேட்டது சோழமண்டலத் துணியை. துணி இல்லை என்றால் மசாலா இல்லை. இந்தக் கரையை மொலுக்காஸ் தீவுகளின் இடது கை என்றே ஹென்ட்ரிக் ப்ரவுவர் 1612இல் எழுதினார். பழவேற்காட்டின் கட்டம் போட்ட லுங்கி கடல் கடந்தது. மலேசியாவில் இன்றும் அதற்கு 'காயின் பெலிக்காட்' என்றுதான் பெயர். ஜப்பானில் கோடு போட்ட பருத்தித் துணிக்கு 'சாந்தோமே'. நம்ம சாந்தோம்தான். ஊர்கள் இப்படித் துணி மேல் ஏறி எங்கெங்கோ போயிருக்கின்றன. அதே துறைமுகத்திலிருந்து, பஞ்சமும் போரும் வந்த வருடங்களில், மனிதர்களும் அடிமைகளாக பட்டாவியாவுக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். 11ஆவது விரிபக்கத்துக்கான குறிப்பில் இது இல்லை.

கட்டமும் கோடும் தறியில் விழுபவை. இன்னொரு வகைத் துணி கையால் வரையப்பட்டது. போர்ச்சுகீசியர்கள் 'பின்டாடோ' என்றார்கள், ஆங்கிலேயர்கள் 'சின்ட்ஸ்' என்றார்கள், நாம் இன்று கலம்காரி என்கிறோம். கலம் என்றால் பாரசீகத்தில் பேனா. பேனா வேலை.

அது எப்படி நடந்தது என்று படித்தபோது இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் போனது. முதலில் வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு, வரையும் கோடு பரவாமல் நிறுத்தும். பிறகு துணியை அடித்து வழவழப்பாக்குவார்கள். தாளில் வரைந்த படத்தை ஊசியால் குத்தி, துணிமேல் வைத்து, கரித்தூளைத் தட்டினால் புள்ளிப் புள்ளியாகக் கோடு இறங்கும். பேனா ஒரு மூங்கில் குச்சி. நுனிக்குக் கொஞ்சம் மேலே மயிரோ கம்பளியோ சுற்றியிருக்கும். அதில் சாயத்தைத் தோய்த்து, விரலால் மெல்ல அழுத்தினால் கோடு வரும். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் பனைவெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவைத்த கரைசல். அது கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கறுக்கும்.

சிவப்புதான் விசேஷம். ஓவியர் சிவப்பைப் பூசுவதே இல்லை. சிவப்பு எங்கே வேண்டுமோ அங்கே படிகாரக் கரைசலைப் பூசுவார். அதற்கென்று பெரிதாக நிறம் கிடையாது. பிறகு முழுத் துணியையும் சாயவேர்க் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும். படிகாரம் கெட்டியாக இருந்தால் அடர்சிவப்பு, நீர்த்திருந்தால் ரோஜா நிறம். எங்கள் தொழிலில் இதை லேட் பைண்டிங் என்போம். எழுதும்போது மதிப்பு தெரியாது, ஓடும்போதுதான் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத நிறத்தை வைத்துப் படம் வரைந்த ஆட்கள் அவர்கள். சாயவேர் கடலோர மணலில் தானாக வளரும் சின்னச் செடியின் வேர். ஆங்கிலத்தில் அதற்கு 'சாய் ரூட்' என்று பெயர். தமிழ்ச் சொல்லேதான்.

நீலத்துக்கு வேறு கணக்கு. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். பிறகு மெழுகை எடுக்க வேண்டும். மஞ்சள் கடைசியில். நீலத்தின் மேல் மஞ்சள் பூசினால் பச்சை. அந்த மஞ்சள் சீக்கிரம் வெளிறிவிடும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் தொங்கும் பழைய சின்ட்ஸ் துணிகளில் இலைகள் நீலமாக இருக்கின்றன. நடுநடுவே அலசுவது, சாணத்தில் ஊறவைத்து வெயிலில் வெளுப்பது எல்லாம் உண்டு. எந்தக் கட்டத்திலும் கன்ட்ரோல் இஸட் கிடையாது.

டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த டேனியல் ஹவார்ட் என்பவர் 1693இல் வெளியிட்ட நூலில், பொறுமை என்ற குணத்தைப் படமாக வரைய நினைப்பவனுக்கு இந்த ஓவியர்களில் ஒருவரைப் பார்த்தாலே போதும் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது இதே கரையில் வடக்கே, கோதாவரிப் பக்கத்துப் பாலகொல்லு ஓவியர்களை. வேலை நத்தை மாதிரி நகர்கிறது என்பது அவருடைய சலிப்பு. கிளையன்ட்டுக்கு எப்போதும் நம் வேலை மெதுவாகத்தான் தெரியும்.

ஆர்டர் முறையும் பழக்கமானதுதான். மாதிரித் துணியும் மாதிரிப் படமும் கப்பலில் வரும். இந்தச் சந்தைக்கு இந்தப் பூ, அந்தச் சந்தைக்கு அந்தக் கரை. கம்பெனி நேராக ஓவியரிடம் பேசாது, நடுவில் பெருவணிகர்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 'மலயா' என்று அழைத்த அச்சுதப்பச் செட்டியும் அவர் தம்பி சின்னண்ணாவும் அப்படிப்பட்டவர்கள். கம்பெனி அவர்களுக்கு முன்பணம் தரும், அது கைமாறி நெசவாளிக்கும் ஓவியருக்கும் வரும். முன்பணம் வாங்கிய கை பிறகு வேறு யாருக்கும் வேலை செய்ய முடியாது. சரக்கு மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்றால் விலை குறையும், அல்லது திரும்பி வரும். அச்சுதப்பச் செட்டி எந்த வருடம் இறந்தார் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது, 1634. வரைந்தவர்கள் கணக்கில் துண்டுகளாக மட்டும் இருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் வரைந்தது இருக்கிறது. நியூயார்க்கின் ப்ரூக்ளின் அருங்காட்சியகத்தில் ஏழு துணிப் பலகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்பது அடி உயரம். 1914இல் ஸ்டூவர்ட் கியூலின் என்ற அருங்காட்சியக அதிகாரி இந்தியாவிலிருந்து வாங்கிப் போனார். 1610க்கும் 1640க்கும் இடையில் வரையப்பட்டவை, பழவேற்காட்டுப் பகுதியில் வரையப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பலகத்துக்குப் பலகம் மனிதர்கள் மாறுகிறார்கள். ஒன்றில் தென்னிந்திய அரசவை, ஒன்றில் காட்டு மக்கள், ஒன்றில் தொப்பி வைத்த ஐரோப்பியர்கள். துறைமுகத்தில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்த்த ஒருவருடைய கை அது. நம்மைப் பற்றி ஐரோப்பியர்கள் வரைந்த படங்களையே பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த ஐரோப்பியப் பலகத்தை ஸ்க்ரீனில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு குஷி. வேலை கொடுக்க வருகிற கூட்டத்தையே உட்காரவைத்து வரைந்துவிட்டார்கள். தோழிக்கு லிங்க் அனுப்பினேன். "அந்தத் தொப்பிய பாரேன். சீரியஸா வரைஞ்சானா, ஓட்டுறானான்னே தெரியல" என்று பதில் வந்தது.

பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். சின்ட்ஸ் மோகம் பிடித்து ஐரோப்பா தன் நெசவாளர்களைக் காப்பாற்றத் தடை போட்டது. பிரான்சில் 1686இல், இங்கிலாந்தில் 1701லும் 1721லும். தடை போட்ட கையோடு அந்த வித்தையையும் தேடினார்கள். 1734 வாக்கில் பொல்யே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஓர் ஓவியர் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி, குறிப்போடு சேர்த்து அனுப்பினார். கிட்டில் கமிட் போடுகிற மாதிரியே. 1742இல் ஏசு சபைப் பாதிரியார் கேர்தூ முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு உண்டு என்று பின்னாளில் எழுதிய அதே கேர்தூ. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் இருந்த ஓவியர்கள். பாதிரியார் கேட்டார், சொன்னார்கள். கடிதம் அச்சானது. கேர்தூ பெயர் இருக்கிறது.

இதைப் படித்த ராத்திரிதான் எனக்கு வேறொன்று உறுத்தியது. பொன்னேரி பஸ்ஸில் திரும்பும்போது தோழி சாதாரணமாகக் கேட்டிருந்தாள்: "டேய், உங்க ஆபீஸ்ல ஏஐக்குப் படம் சேக்குறீங்கல்ல, அதுல என் படம் இருக்கா?" தெரியாது என்றேன். பொய் இல்லை. ஆனால் தேடினால் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. என் டீமின் வேலையே அதுதான். இணையத்திலிருந்து எடுத்த படங்களைச் சுத்தம் செய்து, விவரம் சேர்த்து, மாடலுக்கு அனுப்பும் பைப்லைன்.

திங்கட்கிழமை தேடினேன். அவளுடைய வெப்சைட் முகவரியைப் போட்டதும் 43 வரிகள் வந்தன. ஊறுகாய் லேபிள்கூட இருந்தது. விவர நெடுவரிசையில் 'இந்தியக் கிராமம், இளஞ்சூட்டு நிறங்கள், கையால் வரைந்த பாணி'. வரைந்தவர் என்ற நெடுவரிசையில் 43 இடத்திலும் நல்.

அன்று சாயங்காலம் போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பேரு?" என்றாள். நல் என்றேன். அவளும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான், விளக்க வேண்டியிருக்கவில்லை. "சைபர் இல்ல, காலி ஸ்ட்ரிங்கும் இல்ல. நல்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த 43 வரிகளை நீக்கச் சொல்லி டிக்கெட் போட்டிருக்கிறேன். 'குறைந்த முன்னுரிமை' என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

11ஆவது விரிபக்கத்தை அவள் முடித்துவிட்டாள். நடுவில் கோட்டை, கடலில் கப்பல்கள், தொப்பிக்காரர்கள், மூட்டைகள். இடது மூலையில், பனைமர நிழலில், மடியில் துணியை விரித்து மூங்கில் பேனாவோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சட்டி. அவர் துணியைப் பார்க்கவில்லை, தொப்பிக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜாடை கொஞ்சம் நம் படகுக்கார அண்ணன் மாதிரி.

போன வாரம் பதிப்பகத்திலிருந்து ஒன்பதாவது திருத்தப் பட்டியல் வந்தது. பூநாரைகள் இன்னும் கொஞ்சம் பிங்க். கப்பல் கொடி பெரிதாக வேண்டும். மூன்றாவது: "இடது மூலையில் இருப்பவர் யார்? டெக்ஸ்டில் இவர் வரவில்லையே. எடுத்துவிடலாமா?"

பாக்கி 70 சதவீதம் இன்னும் வரவில்லை. பூநாரைகளைச் சரிசெய்துவிட்டாள். மூன்றாவதற்கு அவள் இதுவரை பதில் போடவில்லை.