அறுபடும் இணைப்பியும் அறுபடாத வழக்கும்: வேதியியல் காப்புரிமையில் ‘எளிதில் தோன்றுவது’ குறித்து

டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் கருவிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூக்ளியோடைடின் காரப் பகுதியில் ஓர் ஒளிரும் சாயம் தொங்குகிறது. இரண்டையும் சேர்ப்பது ஓர் இணைப்பி. சர்க்கரையின் 3' முனையில் ஒரு மூடி. அது கழலும்வரை அடுத்த எழுத்து வந்து ஒட்டாது. கருவி நிறத்தைப் படம் பிடித்ததும் இணைப்பியை அறுத்துச் சாயத்தைக் கழுவி, மூடியையும் கழற்றி, அடுத்த சுற்றுக்குப் போகிறது. இல்லுமினாவின் பல கருவிகளில் இணைப்பியிலும் மூடியிலும் அசைடு தொகுதி இருப்பதால் ஒரே பாஸ்பீன் கரைசல் இரண்டையும் வெட்டிவிடுகிறது.

இதில் புதிய பிணைப்பு என்று எதுவும் இல்லை. சாயத்தை அறுபடும் இணைப்பி வழியாகக் காரத்தில் மாட்டலாம் என்பதை ரோஜர் சியெனின் 1991 காப்புரிமை விண்ணப்பம் சொல்லியிருந்தது. அசைடோமெத்தில் மூடியை 1988இல் லூபினு குழு ஃபீனால்களில் பயன்படுத்தியிருந்தது. பாடநூலிலிருந்து எடுத்த துண்டுகளைக் கோத்ததற்கு யாருக்காவது தனியுரிமை தரலாமா? வழக்குகளில் கேள்வி பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகிறது. வடிவமே தவறு என்பது என் வாதம். இணைப்பிகளைப் பொறுத்தவரை, பிணைப்பு பழையதா என்று கேட்டால் எல்லாமே பழையது. அந்தப் பிணைப்புக்குக் கொடுக்கப்பட்ட வேலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காப்புரிமைகள், காரத்தில் அறுபடும் இணைப்பி வழியாகச் சாயமும் 3' முனையில் கழலும் மூடியும் கொண்ட நியூக்ளியோடைடுகளைக் கோரின. 2015 ஜூலையில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவை எளிதில் தோன்றக்கூடியவையே, ஆகவே காப்புரிமைக்குத் தகாதவை என்ற காப்புரிமை வாரியத்தின் முடிவை உறுதிசெய்தது. அக்காலத்து ஆய்வாளர்கள் சாயத்தை மூடியிலேயே வைக்க விரும்பினார்கள் என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. ஆனால் சியென் காரத்தையும் ஒரு வழியாகக் காட்டியிருந்தார். பலர் போகாத வழி என்பதால் அது அடைபட்ட வழி ஆகிவிடாது. இந்தத் தீர்ப்பில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

பத்து மாதம் கழித்து, 2016 மே மாதம், அதே நீதிமன்றத்தில் அதே சியென் விண்ணப்பம் மறுபடி சாட்சியாக வந்தது. இம்முறை காப்புரிமை பிழைத்தது. இல்லுமினா கேம்பிரிட்ஜின் 7,566,537 எண் காப்புரிமை அறுபடும் இணைப்பியோடு அசைடு கொண்ட மூடியையும் கோரியது. அதை எதிர்த்துக் காப்புரிமை வாரியத்தில் மனுச் செய்த இன்டெலிஜென்ட் பயோ-சிஸ்டம்ஸ், மூடி முழுமையாகக் கழல வேண்டும் என்று சியெனே கேட்கிறார், ஆகவே வேதியியலர் அசைடோமெத்திலைத் தேடிப் போயிருப்பார் என்றது. அந்தக் காரணமே அதற்கு வினையாயிற்று. லூபினு குழு மூடியைக் கழற்றியபோது கிடைத்த விளைச்சல் 60 முதல் 80 விழுக்காடு. முழுமையைத் தேடுகிறவர் அதை ஏன் எடுப்பார்?

கணக்குப் போட்டால் இதன் கனம் தெரியும். சுற்றுக்கு 80 விழுக்காடு மூடிகளே கழன்றால், பத்துச் சுற்றுக்குப் பின் ஒழுங்காக முன்னேறிய இழைகள் ஏறத்தாழ 11 விழுக்காடு. 99 விழுக்காடு கழன்றாலும் நூறு சுற்றுக்குப் பின் 37தான் மிஞ்சும். 99.9 என்றால் 90. ஃபீனாலைக் காப்பாற்றும் வேதியியலருக்கு 80 நல்ல நாள். வரிசை படிப்பவருக்கு அது தோல்வி. ஒரே மூடி, வேறு வேலை.

ஆனால் வேதியியலர்கள் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கட்டுரைகளில் அச்சாகும் விளைச்சல் பெரும்பாலும் பிரித்துத் தூய்மையாக்கிய பின் குடுவையில் நிற்கும் அளவு. வினை எவ்வளவு தூரம் முடிந்தது என்பது வேறு கணக்கு. 80ஐ அப்படியே கழன்ற மூடிகளின் எண்ணிக்கையாகப் படிப்பது எதிராளிக்கு அநியாயம். ஆனால் அந்த விளக்கத்தை மனுவிலேயே ஆதாரத்தோடு வைக்க வேண்டியது எதிராளியின் பொறுப்பு. பதிலுரையில் புதிதாகக் கொண்டுவந்த வாதத்தைக் காப்புரிமை வாரியம் ஏற்கவில்லை; நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. எனவே அசைடோமெத்தில் எவருக்கும் தோன்றியிராது என்று இத்தீர்ப்பு சொல்வதாக மேற்கோள் காட்டுவது பிழை. இந்தக் காரணத்தால் தோன்றியிராது என்பதோடு அது நிற்கிறது.

எனக்கு உடன்பாடு இல்லாத இடம் வேறு. அதே தீர்ப்பில், பழைய துண்டுகளை இணைத்தால் வெற்றி கிடைக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்ததா என்பதைக் கோரிக்கையின் சொற்களை வைத்தே அளக்க வேண்டும் என்று நீதிமன்றம் வாரியத்தைத் திருத்தியது. கோரிக்கையில் ‘முழுமையாக’ என்ற சொல் இல்லை. ஆகவே குறைவாகக் கழன்றாலும் அதன்படி வெற்றிதான். இணைக்கத் தூண்டிய காரணம் ஒரு பெட்டி, வெற்றியின் எதிர்பார்ப்பு இன்னொரு பெட்டி. ஏட்டில் இது சுத்தமான பிரிப்பு. ஆய்வகத்தில் அப்படி யாரும் யோசிப்பதில்லை. ஒரு மூடியை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டுகிறவர், அது நினைத்த வேலையைச் செய்யும் என்று நம்பித்தான் மாட்டுகிறார். அந்த நம்பிக்கையே அவருக்குக் காரணம். எதிராளி எந்த நோக்கத்தைக் காரணமாகச் சொல்கிறாரோ, எதிர்பார்ப்பையும் அந்த நோக்கத்தை வைத்தே அளப்பதுதான் ஒழுங்கு.

அப்படி அளந்தாலும் ஒரு நெருடல் போகாது. முழுமையாகக் கழற்றுவது கடினம் என்ற பலத்தில் பிழைத்த காப்புரிமை, அரைகுறையாகக் கழலும் மூடியையும் தன் வேலிக்குள் வைத்திருந்தது. 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘எளிதில் தோன்றுமா’ என்று யாரை வைத்துக் கேட்கிறோமோ அந்தச் சாதாரணத் தேர்ச்சியாளரை இயந்திரமாகப் பார்க்கக் கூடாது என்றது. அவர் சியெனின் நோக்கத்தை விட்டுவிட்டு, சில சுற்றுகள் மட்டும் ஓடினால் போதும் என்று நினைத்திருக்கலாம்; அப்போது 80 விழுக்காடு ஒரு தடையே அல்ல. அந்த வாதத்தை அந்த மனுவில் யாரும் வைக்கவில்லை.