எடையைச் சுமப்பவர் யார்?

2014 செப்டம்பரில் இந்தியாவில் அறிமுகமான முதல் ஆண்ட்ராய்டு ஒன் கைபேசிகளின் விலை ஏறத்தாழ 6,400 ரூபாய். உள் சேமிப்பிடம் 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதி இயங்குதளத்துக்கே போய்விடும். செயலியின் எடை என்பது இத்தகைய கைபேசியில்தான் பொருள்படுகிறது.

ஒரே நிரலை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓட்டுவது உருவாக்குநர்களின் நெடுநாள் கனவு. எச்டிஎம்எல்5-ஐ நம்பிய ஃபேஸ்புக், வேகம் போதாமல் 2012இல் தன் ஐபோன் செயலியை அத்தளத்துக்குரிய மொழியிலேயே திருப்பி எழுதியது. 2015 மார்ச்சில் அந்நிறுவனமே ரியாக்ட் நேட்டிவைப் பொதுவில் வெளியிட்டது. அதில் எழுதிய ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினை உடன் சுமந்தது. 2018 டிசம்பரில் முதல் நிலையான பதிப்பைக் கண்ட கூகுளின் ஃபிளட்டர், திரையைத் தானே வரைந்து வேகம் பெற்றது. அந்த வரையும் எஞ்சினும் ஒவ்வொரு செயலிக்குள்ளும் இடம்பிடித்தது.

இதற்கிடையே, 2015 ஜூனில் ஃபேஸ்புக் லைட் வந்தது. அளவு 1 எம்பிக்கும் குறைவு. எளிய ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கென்றே உருவானது. ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்திலிருந்து இவ்விரு விடைகளும் பிறந்தது தற்செயலன்று. முன்னது எழுதுபவரின் உழைப்பைக் குறைத்தது. பின்னது பயன்படுத்துபவரின் சுமையைக் குறைத்தது. உருவாக்குநர் மிச்சப்படுத்தும் நேரத்தின் விலையில் ஒரு பங்கை, சிறிய கைபேசி வைத்திருப்பவரே இன்றும் செலுத்துகிறார்.