பிளாஸ்மா உந்துபொறி ஆயுள் சோதனை

விண்வெளியில் இயங்கவேண்டிய மின் உந்துபொறியைத் தரையிலுள்ள வெற்றிடக் கலத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடவிட்டு, அதன் தேய்மானத்தை அளக்கும் முறை. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ, 300 மில்லிநியூட்டன் பிளாஸ்மா உந்துபொறி ஒன்றை 5.4 கிலோவாட் முழுத்திறனில் 1,000 மணி நேரம் இயக்கி முடித்ததாக 2025 மார்ச் இறுதியில் அறிவித்தது.

300 மில்லிநியூட்டன் என்பது உள்ளங்கையில் வைத்த 30 கிராம் வெல்லக்கட்டி தரும் அழுத்தம், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பொறி வெளித்தள்ளும் ஒரு கிலோ செனான் வாயு, அதே எடை வேதி எரிபொருளைவிடக் குறைந்தது ஆறு மடங்கு பயன் தரும் என்கிறது இஸ்ரோ. விசை சிறிது என்பதால் பொறி மாதக்கணக்கில் ஓடியாகவேண்டும். அதற்குள் செனான் அயனிகளில் சில வெளியேறாமல் பொறியின் உட்சுவரில் மோதி அதை அணு அணுவாக அரித்துவிடும். காந்தப் பகுதியை மூடிக் காக்கும் சுவர் கரைந்தால் ஆயுள் முடிவை நெருங்கிவிட்டது என்று பொருள். தரையில் இன்னொரு தொல்லையும் உண்டு: கலத்தின் சுவரிலிருந்து பெயரும் துகள்கள் பொறியின்மேல் படிந்து உண்மையான தேய்மானத்தை மறைக்கும். கலத்துக்குள் கிராஃபைட் பலகை பதிப்பது இதைக் குறைக்கத்தான். இஸ்ரோவின் சோதனையிலும் மின்முனை உள்ளுறைகளின் அரிப்பு அவ்வப்போது கண்காணிக்கப்பட்டது.

இவ்வகைப் பொறி சோவியத் நாட்டில் இயற்பியலாளர் மொரோசோவ் குழுவினரின் ஆக்கம். 1971 டிசம்பரில் மீட்டியோர் செயற்கைக்கோளில் முதலில் விண்ணேறியது. இந்தியா பிளாஸ்மா பொறிகளை ஜிசாட்-4 செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பியது. 2010 ஏப்ரல் 15 அன்று ஏவூர்தியின் கிரையோஜெனிக் நிலை பழுதாகி எல்லாம் கடலில் விழுந்ததால், அவை ஒரு நொடிகூட இயங்கவில்லை. 2017 மே 5இல் ஏவப்பட்ட ஜிசாட்-9தான் அந்தக் குறையைத் தீர்த்தது.

1,000 மணி நேரம் என்பது 42 நாளுக்குச் சற்றே குறைவு. அந்நேரத்தில் இந்தப் பொறி இரண்டு டன் செயற்கைக்கோளின் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 540 மீட்டர் மாற்றம் தரும். ஏவூர்தி கொண்டுவிடும் மாற்றுப்பாதையிலிருந்து புவிநிலைப் பாதைக்கு ஏற 1,500 மீட்டருக்கு மேல் தேவை. மின்விசையால் மட்டுமே அங்கே ஏறும் செயற்கைக்கோளை இஸ்ரோ குறிவைத்திருப்பதால், இந்தச் சோதனையை நல்ல தொடக்கம் என்று சொல்லலாம். முடிவு என்று சொல்லமுடியாது. ஒப்பிட்டால், வேறு வகையான வலைக்கண் அயனிப் பொறிகளில் நாசாவின் என்ஸ்டார் 30,352 மணி நேரம் ஓடியது. 2003இல் அதை நிறுத்தியபோதும் அது கெட்டிருக்கவில்லை. உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் நிறுத்தினார்கள்.